1064 காட்டிக்கொடுக்காத பிழை

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்கி விற்கும் ஒருவருக்கு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன ஆபீஸ். அவருடைய கணக்கு மொத்தமும் எஸ்கியூஎல் சர்வர் (SQL Server) என்ற டேட்டாபேஸில் இருந்தது. அதை மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. டேபிள்கள் மடமடவென்று வந்துவிட்டன. வேரியபிள் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) வைத்து எழுதிய குவெரிகள்தான், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளைகள்தான், படுத்தி எடுத்தன.

முதல் வரியிலேயே 1064, அதாவது எழுதிய முறை தவறு என்று மைஎஸ்கியூஎல் சொல்லும் பிழை. பழைய சர்வரில் டிக்ளேர் (DECLARE) போட்டு @ரேட் என்று ஒரு வேரியபிளை ஸ்கிரிப்டில் நேரடியாகவே அறிவிக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் டிக்ளேருக்கு இடம் புரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைக்கும் நிரல்) மாதிரியானவற்றின் பிகின் (BEGIN), எண்டுக்கு (END) நடுவில் மட்டும்தான். அங்கேயும் பெயருக்கு முன்னால் @ கூடாது. வெளியே அறிவிப்பே வேண்டாம், செட் (SET) போட்டு மதிப்பைக் கொடுத்தால் போதும்.

1064-ஐக் கண்டு எரிச்சல்படுகிறவர்கள் அதை முழுசாகப் படிப்பதில்லை என்பது என் எண்ணம். செய்தியில் 'நியர்' (near) என்ற சொல்லுக்கு அப்புறம் மேற்கோளுக்குள் வரும் துண்டு, சர்வர் எந்த இடத்தில் தடுக்கி நின்றதோ அங்கிருந்து தொடங்கும். அந்தத் துண்டின் முதல் சொல்லையும் அதற்கு ஒட்டி முன்னால் இருப்பதையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. முந்தைய வரியில் விட்டுப்போன அரைப்புள்ளி பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும். எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டுக்குப் (LIMIT) பின் @எண் போட்ட இடத்திலும் அதே 1064. அங்கே வேரியபிள் செல்லாது. குவெரியை முதலில் பிரிப்பேர் (PREPARE) செய்து, மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து, எக்ஸிக்யூட் யூஸிங் (EXECUTE … USING) என்று மதிப்பை அனுப்ப வேண்டும்.

ஆட்டிவைத்தது வேறு ஒன்று. சராசரி பாக்கிக்கு மேல் வைத்திருக்கும் கடைகளின் பட்டியல் காலியாக வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "யாருமே பாக்கி வைக்கலையா தம்பி? கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.

குவெரியில் செலக்ட் (SELECT) @சராசரி = என்று இருந்தது. எஸ்கியூஎல் சர்வரில் அது மதிப்பை எடுத்து வைக்கும். மைஎஸ்கியூஎல்லிலோ செலக்டுக்குள் வரும் வெறும் சமக்குறி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். மதிப்பே வைக்காத @ வேரியபிளுக்கு அது 'நல்' (NULL, மதிப்பே இல்லை) என்று எடுத்துக்கொள்ளும், புகார் சொல்லாது. நல்லைவிடப் பெரியது எது என்று கேட்டால் ஒரு வரியும் வராது, அவ்வளவுதான். எழுத்துப்பிழையாக வேறு பெயர் அடித்தாலும் இதே கதி. பழைய சர்வர் என்றால் 'அறிவிக்கவில்லையே' என்று உடனே நிறுத்தியிருக்கும்.

சமக்குறிக்கு முன் முக்காற்புள்ளி சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் மைஎஸ்கியூஎல் 8.0.13 பதிப்பு முதல் செட்டுக்கு வெளியே அப்படி எழுதுவதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, செலக்ட் இன்டூ (SELECT … INTO) வடிவத்துக்கு, அதாவது விடையை நேரே வேரியபிளில் வைக்கும் வடிவத்துக்கு மாற்றினேன். பாக்கிப் பட்டியல் நீளமாக வந்தது. கூடவே ஓரிரு இடங்களில் 1172, அதாவது ஒரு வரிக்கு மேல் விடை வருகிறது என்ற பிழை. பழைய சர்வர் அங்கெல்லாம் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போயிருக்கிறது. எந்த வரி வேண்டும் என்று முதலாளியிடமே கேட்டு எழுத வேண்டியதாயிற்று.