லெஸ்டரில் ஒரு ராஜாவின் முதுகெலும்பு

என் அக்கா இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். பல வருடமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், போன மே மாதம்தான் லீவும் விசாவும் ஒருசேர அமைந்தது. போய் இறங்கிய இரண்டாம் நாள், அக்கா மகள் காலையிலேயே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பதினான்கு வயது. "சித்தி, உங்களை ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்." யாரு என்று கேட்டால் "ரிச்சர்டு" என்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல. மூன்றாம் ரிச்சர்டு. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வர்த் போர்க்களத்தில் வெட்டுப்பட்டு இறந்த இங்கிலாந்து ராஜா. இறந்தபோது வயது 32.

அவளுக்கு ஏன் அந்த ராஜா மேல் அவ்வளவு ஒட்டுதல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஸ்கோலியோசிஸ் என்று பெயர். யூனிஃபார்ம் போட்டால் ஒரு தோள் மட்டும் மேலே நிற்கிறதே என்று அக்காதான் கவனித்திருக்கிறாள். இப்போது பகலும் ராத்திரியும் சட்டைக்குள் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு பிரேஸ் போட்டுக்கொள்கிறாள், குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம், அவ்வளவுதான். ஊரிலிருந்த அம்மாவுக்கு ஃபோனில் இதைச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "கூன் விழுந்திருமா?" ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. குழந்தை கேட்டுவிட்டாள். அம்மா பயத்தில் கேட்டதுதான், ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குள் எங்கே போய் உட்கார்ந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் மனசு உறுத்தும்.

ரிச்சர்டுக்கும் அதே ஸ்கோலியோசிஸ். அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிட தூரத்தில்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். போரில் தோற்று இறந்த ராஜாவின் உடலைத் துணியில்லாமல் குதிரை மேல் குறுக்கே போட்டு லெஸ்டருக்குக் கொண்டுவந்து, செத்தது அவர்தான் என்று ஊர் முழுக்க நம்ப வேண்டுமே என்பதற்காக மக்கள் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அப்புறம் கிரேஃபிரையர்ஸ் என்ற துறவிகள் மடத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டார்கள். அந்த மடம் 1538இல் மூடப்பட்டு இடிபட்டது, மேலே தோட்டம், வீடு, கட்டடம் என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் ஒரு கார் பார்க்கிங் ஆனது. 2012 ஆகஸ்ட் 25 அன்று லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்த முதல் நாளே ஒரு கால் எலும்பு தட்டுப்பட்டது. ராஜாவின் அக்கா ஆன் வழியில், தாய்வழியாகவே பதினேழு தலைமுறை இறங்கி வந்து, லண்டனில் மரவேலை செய்யும் ஒருவரிடம் முடிகிற டி.என்.ஏ.வை எடுத்து ஒப்பிட்டார்கள். 2013 பிப்ரவரி 4 அன்று, அவர்தான் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அந்தக் குழி இருந்த இடத்தின் மேல் கண்ணாடித் தரை போட்டு, சுற்றி ஒரு அமைதியான அறை கட்டியிருக்கிறார்கள். கதீட்ரலுக்கு எதிரே, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைக் காட்சியகமாக மாற்றியிருக்கிறார்களே, அதற்குள்தான் இது. கண்ணாடிக்குக் கீழே மண்ணின் மேல் எலும்புகள் கிடந்த வடிவத்தை வெளிச்சத்தால் வரைந்து காட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, குழி நீளம் போதவில்லை என்பதுதான். தலை நேராகப் படுக்கவில்லை, குழியின் ஓரத்தில் முட்டி நிமிர்ந்து கிடந்திருக்கிறது. சின்னதாக வெட்டிய குழியில் ஒரு ஆளை எப்படியோ அடக்கியிருக்கிறார்கள். பாதங்கள் இல்லை, பின்னாளில் மேலே கட்டடம் கட்டியபோது போய்விட்டன. நான் சாமி கும்பிடுகிற மாதிரி கை கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அவள் என்னை இழுத்துக்கொண்டு போனது வேறொரு இடத்துக்கு. அசல் எலும்பை ஸ்கேன் செய்து, 3டி பிரிண்டரில் அச்சடித்து, கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த முதுகெலும்பை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து நேராகக் கிளம்பி, நடு முதுகில் வலது பக்கமாக வெளியே போய், திரும்பவும் உள்ளே வளைந்து, கழுத்துக்கு வரும்போது மறுபடி நேராகிவிடுகிறது. ஓடை ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. வளைவின் கோணம் 65 முதல் 85 டிகிரி வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிறக்கும்போதே வந்ததில்லை, பத்து வயதுக்கு மேல், வளர்கிற பருவத்தில் ஆரம்பித்திருக்கிறது. அவளுக்கு வந்த அதே வயது. அவள் கண்ணாடி மேல் விரலை வைத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். "எனக்கு இங்க, சித்தி. அவருக்கும் இங்கதான்."

நான் காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தவள். ஷேக்ஸ்பியர் நாடகத்து ரிச்சர்டு எனக்கு மனப்பாடம்: முதுகில் கூன், சூம்பிப்போன கை, நொண்டி நடை, உடம்பு எப்படியோ மனசும் அப்படி. எலும்பைப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் நிற்கவில்லை. கூன் என்பது முன்பக்கமாகக் குனிவது, இவருக்கு இருந்தது பக்கவாட்டு வளைவு. இரண்டு கை எலும்பும் ஒரே மாதிரி ஒழுங்காக இருக்கின்றன. இடுப்பும் கால்களும் நன்றாக இருக்கின்றன, நொண்டியிருக்கக் காரணமே இல்லை. உயரம், வளைவு இல்லாமல் நிமிர்ந்து நின்றிருந்தால் 5 அடி 8 அங்குலம். அந்தக் காலத்து ஆம்பளைகளுக்கு அது சராசரிக்குக் கொஞ்சம் தூக்கலான உயரமே. வளைவினால் பார்வைக்குச் சில அங்குலம் குறைந்து, கை கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் தெரிந்திருப்பார், ஒல்லியாக, மெல்லிய எலும்போடு.

எழுதி வைத்தவர்களைப் பார்ப்போம். ஜான் ரவுஸ் என்று ஒருவர், ராஜா உயிரோடு இருந்தபோது புகழ்ந்து எழுதியவர், செத்த பிறகு இரண்டு வருடம் தாயின் வயிற்றில் இருந்து பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தார் என்று எழுதினார். அதே ரவுஸ்தான் குட்டையான உருவம், வலது தோள் ஏறியிருக்கும், இடது தோள் இறங்கியிருக்கும் என்றும் எழுதுகிறார். கொஞ்ச காலம் கழித்து தாமஸ் மோர் எழுதும்போது இடது தோள்தான் உயரம் என்கிறார். ஐந்நூறு வருடம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது, வலதுதான். பல்லோடு பிறந்த கதையை எழுதிய அதே கை, தோளை மட்டும் சரியாக எழுதியிருக்கிறது.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது இன்னொன்று. ராஜா உயிரோடு இருந்த காலத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிற எதிலும் இந்த முதுகைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1484இல் நிக்கோலஸ் வான் பொப்பெலாவ் என்ற பயணி, சைலீசியாக்காரர், நேரிலேயே ராஜாவைச் சந்தித்து எழுதியிருக்கிறார்: என்னைவிட மூன்று விரல் உயரம், என்னைவிட ஒல்லி, கை கால்கள் மெலிந்தவை, மனசு பெரியது. அவ்வளவுதான். 2014இல் எலும்பை ஆராய்ந்த மருத்துவர்களும் இதற்கு ஒத்துப்போகிற மாதிரி ஒன்று சொன்னார்கள். வளைவு மேலேயும் கீழேயும் சமன்பட்டுவிட்டதால் தலையும் கழுத்தும் சாயவில்லை, ஒரு நல்ல தையற்காரரும் அளவெடுத்துச் செய்த கவசமும் இருந்தால் வெளியே அவ்வளவாகத் தெரிந்திருக்காது என்றார்கள். அப்படியானால் ஒரு தையற்காரருக்கு, உடை மாற்றிவிட்டவருக்கு, மருத்துவருக்கு, மனைவிக்கு, இப்படி விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு மட்டும் தெரிந்திருந்த முதுகு அது. லெஸ்டரில் துணியில்லாமல் கிடத்தியபோதுதான் ஊரே பார்த்தது. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள்.

இதைச் சொன்னதும் அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய ஸ்கூல் சட்டைகளை அக்கா ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வலது தோளில் லேசாகப் பிரித்துத் தைக்கிறாள், எனக்குத் தெரியும்.

நம்மிடமும் இந்தப் பழக்கம் உண்டே. கைகேயியின் மனசைக் கெடுத்தவளுக்குப் பெயரே கூனி. கூன் பாண்டியன் கதையில், சம்பந்தர் "வேந்தனும் ஓங்குக" என்று பாட, கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆகிறான். சின்ன வயசில் கோயிலில் இந்தக் கதையைக் கேட்கும்போது அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். லெஸ்டரில் நின்று யோசித்தபோது, நிமிராத முதுகோடு ஒரு ராஜா இரண்டு வருடம் ஆண்டு, குதிரை மேல் கவசத்தோடு எதிரியை நோக்கிப் பாய்ந்து செத்திருக்கிறாரே, அந்த முதுகுக்கு என்ன குறை என்று தோன்றியது.

முகமும் அப்படித்தான். ஓவியங்களில் பழுப்பு முடியும் இடுங்கிய கண்ணுமாக இருக்கிறார். டி.என்.ஏ.படி கண் நீலமாக இருந்திருக்க 96 சதவீதம் வாய்ப்பு, முடி, குறைந்தது சின்ன வயதிலாவது, பொன்னிறமாக இருந்திருக்க 77 சதவீதம். அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கும் ஒரு ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் சாதாரணமாக வரைந்த தோளைப் பின்னால் யாரோ உயர்த்தி வரைந்தது தெரிந்தது.

கதீட்ரலில் இப்போதைய கல்லறை, 2015 மார்ச் 26இல் அடக்கம் செய்தது. வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல், உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் புதைபடிவங்கள் தெரியும், மேலே ஆழமாக வெட்டிய சிலுவை. பழைய ராஜாக்களின் கல்லறை மேல் படுத்திருக்கிற மாதிரி உருவம் செதுக்கியிருப்பார்கள், இங்கே அது இல்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

அடுத்த வாரம் நான் மட்டும் லண்டன் பக்கம் போனேன். "அவங்க அண்ணனையும் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியதே அவள்தான். அண்ணன் நான்காம் எட்வர்டு, வின்ட்சர் கோட்டைக்குள் செயின்ட் ஜார்ஜ் சாப்பலில் இருக்கிறார். (ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள், பார்த்துப் போங்கள்.) 1789இல் வேலைக்காரர்கள் தரையைச் செப்பனிடும்போது அவர் பெட்டி வெளிப்பட்டது. உள்ளே இருந்த எலும்புக்கூட்டை அளந்தால் 6 அடி மூன்றரை அங்குலம். இங்கிலாந்தை ஆண்டவர்களிலேயே உயரமானவர் இவர்தான். பழுப்பு நிறத்தில் நீள முடியும் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதிய கொம்மீன், பார்த்தவர்களிலேயே அழகான ராஜா என்று எழுதியவர், 1475இல் மறுபடி பார்த்தபோது சதை போட ஆரம்பித்துவிட்டார் என்றும் சேர்த்து எழுதுகிறார். அதே சாப்பலில் கொஞ்சம் தள்ளி எட்வர்டின் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் ஹென்றி, அவரும் 6 அடிக்கு மேல். தாத்தாவின் உயரமும் வந்தது, பருமனும் வந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கூட்டம் தாங்கவில்லை, ஓட்டமாகத்தான் பார்த்தேன். முதலாம் எட்வர்டுக்கு 'நெட்டைக்கால்' என்றே பட்டப்பெயர். 1774இல் கல்லறையைத் திறந்து அளந்தபோது 6 அடி 2 அங்குலம், ஆக அந்தப் பட்டப்பெயர் நிஜம். ஒரு இமை தொங்கியிருக்கும், அப்பாவுக்கும் அப்படியே என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் ரிச்சர்டின் கல்லறையில் ஓட்டைகள் இருந்ததால் 1766இல் ஒரு பள்ளிக்கூடப் பையன் கை விட்டுத் தாடையெலும்பையே எடுத்துப் போய்விட்டான், அவன் வம்சத்தினர் 1906இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 108 படி ஏறி மேலே போனால் (லிஃப்டும் உண்டு) மூன்றாம் எட்வர்டின் மர உருவம். முகம், இறந்த முகத்தில் அச்செடுத்துச் செய்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, கடைசியில் பக்கவாதம் வந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்குக் கடைசி மாதங்களில் வாய் அப்படித்தான் இருந்தது. 1377இல் செத்த ஒரு மனுஷனின் முகத்தில் அதைப் பார்த்தபோது அங்கிருந்து நகர மனசு வரவில்லை.

லெஸ்டர் திரும்பி சாப்பிட உட்காரும் முன்பே கேள்வி வந்துவிட்டது. "அண்ணன் பக்கத்துல நின்னா ரிச்சர்டு எவ்ளோ உயரம் சித்தி?" அக்கா வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் அவள் மூன்று வயதிலிருந்து பென்சில் கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. ஸ்கோலியோசிஸ் என்று தெரிந்த பிறகு அவள் அங்கே நிற்கவே மறுத்துவிட்டாள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவளே டேப்பை எடுத்து வந்தாள். 5 அடி 8இல் ஒரு கோடு போட்டு ஆர் என்று எழுதினாள், அதற்கு மூன்று அங்குலம் கீழே, வளைவோடு நின்றால் என்று உத்தேசமாக, இன்னொன்று. அண்ணனுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. அந்தக் கோடு கதவின் மேல் சட்டத்துக்கு மூன்று விரல் கீழே வந்தது. அப்புறம் ஸ்டூலை விட்டு இறங்கி, பிரேஸைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டு, நிலையில் முதுகை ஒட்டி நின்றாள்.

"அளங்க, சித்தி."

5 அடி 1 அங்குலம்.