ட்ரியர்ல பார்த்த 2,300 பவுன்

2018ல லக்சம்பர்க்ல இருந்து ட்ரெயின் ஏறி ஜெர்மனியோட ட்ரியர் ஊருக்குப் போனேன். ஒரு மணி நேரம் கூட ஆகல. எல்லாரும் ரோமர்கள் கட்டின போர்ட்டா நீக்ரா கோட்டை வாசலுக்காகத்தான் வருவாங்க, நானும் பார்த்தேன், பிரம்மாண்டம்தான், ஆனா என் மனசெல்லாம் லாண்டஸ்மியூசியம்ங்கிற அருங்காட்சியகத்துல இருக்கிற ரோமத் தங்கக் காசு மேலயே இருந்துச்சு.

1993ல இந்த ஊர்ல அண்டர்கிரவுண்ட் கார் பார்க்கிங்குக்குத் தோண்டினப்போ வெளிய வந்த புதையல் அது. 2,500க்கும் மேல அவுரியஸ்ங்கிற ரோமத் தங்கக் காசு, 18.5 கிலோ, நம்ம கணக்குல 2,300 பவுனுக்கு மேல! ஒரு காசு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி, நம்ம ஒரு ரூபாயை விடச் சின்னது, அந்த இத்துனூண்டு இடத்துல ராஜா மூஞ்சியில விழுந்த மடிப்பு வரைக்கும் செதுக்கியிருக்காங்க.

காசுல இருக்கிற ரோம ராஜாக்கள் வரிசை நீரோவுல ஆரம்பிச்சு செப்டிமியஸ் செவரஸ் வரைக்கும் போகுது. நீரோ கி.பி. 64ல காசோட எடையைக் குறைச்சவர், கழுத்தெல்லாம் தடிச்சுப் போய் இருப்பார், மறுபக்கம் காவல் தெய்வமா ரோமர்களோட பெரிய சாமி ஜூபிடர் உட்கார்ந்திருப்பார். 65ல அவரைக் கொல்லப் போட்ட சதி அம்பலமாச்சு இல்லையா, அதுல தப்பிச்சதுக்கு சாமிக்கு நன்றின்னு ஊருக்கெல்லாம் காசு மூலமாவே சொல்லியிருக்கார்.

வெஸ்பாசியன் வழுக்கைத் தலையோட, வெயில்ல காஞ்ச சம்சாரி மாதிரி இருக்கார். அவரைப் பார்த்ததும் புதுக்கோட்டை ஞாபகம் வந்துருச்சு. 1898ல அங்க கிடைச்ச 501 ரோமத் தங்கக் காசுல கடைசி ராஜா இவர்தான், அதுல பெரும்பாலான காசுல ராஜா முகத்துக்குக் குறுக்கே உளியால வெட்டியிருக்கும். இங்க அதே முகம் ஒரு கீறல் இல்லாம இருக்கிறதைப் பார்த்தப்போ என்னமோ பண்ணுச்சு.

ஆனா நான் அசையாம நின்னது ஃபவுஸ்டினா காசுகிட்ட. ரோம ராஜா மார்க்கஸ் அவுரேலியஸோட மனைவி, பன்னெண்டு புள்ளைகளுக்கு மேல பெத்தவங்க, பாதிக்கு மேல சின்னதுலயே போயிருச்சு. ஒரு காசுல சிம்மாசனம் மேல ரெண்டு பச்சைக் குழந்தைங்க, சுத்தி "இந்தக் காலத்தோட பாக்கியம்"னு லத்தீன்ல எழுத்து. கி.பி. 161ல பிறந்த ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணு கொமோடஸ், பின்னால ராஜாவாகி அட்டூழியம் பண்ணினவன், இன்னொண்ணு நாலு வயசுலயே செத்துப் போச்சு. காசு அடிச்சப்போ இதெல்லாம் யாருக்குத் தெரியும், பெத்தவங்க சந்தோஷத்துல அடிச்சது, அந்தப் புள்ளை போன பிறகும் அதே காசு கை மாறிக்கிட்டேதான இருந்திருக்கும்.

2019 அக்டோபர்ல இந்தப் புதையலைத் திருட ராத்திரியில மியூசியத்துக்குள்ள புகுந்துட்டாங்க, கண்ணாடியை எவ்வளவு அடிச்சும் உடைக்க முடியல, போலீஸ் வர்றதுக்குள்ள ஓடிட்டாங்க. வீட்ல உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிக்கிறேன், கண்ணுல வந்து நின்னது அந்த ரெண்டு குழந்தைங்கதான்.