முருகனை மேலே கொண்டு போயாச்சு

பால் வாங்கப் போன இடத்தில் கடை அண்ணாச்சி சொன்னார்: "முருகனை மேலே கொண்டு போயாச்சாம் தம்பி."

திருநெல்வேலியில் எங்களுக்கு இதுதான் வெள்ள எச்சரிக்கை. டிவியெல்லாம் அப்புறம்.

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஏறினால் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். மூலவரைத் தூக்க முடியாது, பாறையிலேயே செதுக்கியது, அவர் முங்கியே இருப்பார். வடிந்தபின் போனால் தூணெல்லாம் சேறு, மூலையில் ஆகாயத்தாமரை, யாரோ ஆற்றில் விட்ட ஒற்றைச் செருப்பு. அதையெல்லாம் வழித்துப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அபிஷேகம்.

கோயிலை மேட்டுக்கு மாற்றலாமே என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் ஊரே நனைந்தது, சாமி மட்டும் நனையாமல் இருந்தால் எப்படி?

சரி, மோட்டாரைக் கழற்றி மாடிக்குக் கொண்டு போகணும்.