நாகேஷைக் கேட்கும் நாட்கள்

31 ஜனவரி 2025

இன்று நாகேஷ் நினைவு நாள். 2009இல் இதே தேதியில் சென்னையில் காலமானார். காலையிலிருந்து கைப்பேசியில் தருமி, 'திருவிளையாடல்' படத்தில் அவர் நடித்த ஏழைப் புலவர், வந்துகொண்டே இருக்கிறார். அனுப்பிய எல்லோரும் ஒரே துண்டைத்தான் அனுப்புகிறார்கள்: சிவாஜியும் நாகேஷும் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்ளும் பகுதி. மாலையில் ஒரு தொலைக்காட்சியும் அதையே போட்டது. ஆயிரம் பொன்னும் கைநழுவிப் போகிறதே என்று கோயிலுக்குள் தருமி தனியாளாக நின்று புலம்புகிறாரே, அதை வெட்டிவிட்டார்கள். மனம் ஆறவில்லை எனக்கு. இரவு உட்கார்ந்து படத்தில் தருமி வரும் பகுதி முழுவதையும் மறுபடி பார்த்தேன்.

1965இல் வந்த படம். அந்தப் புலம்பலில் பெரும்பகுதி படப்பிடிப்புத் தளத்திலேயே நாகேஷ் பேசிச் சேர்த்தது. இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதில் கைவைக்க வேண்டாம் என்று சிவாஜியும் சொன்னதை நாகேஷ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். தான் கதாநாயகனாக இருக்கும் படத்தில் இன்னொருவர் அள்ளிக்கொண்டு போகும் காட்சியைக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்?

நான் கவனித்தது வேறு. தருமி தனியாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவர் சொக்கநாதரோடு பேசுகிறார். ஒரு வரி சொன்னதும் கழுத்து லேசாகத் திரும்புகிறது. பதில் வருகிறதா என்று கேட்கிறார். வரவில்லை. உடனே கோபம் வருகிறது. கடவுளையே கோபித்துவிட்டோமே என்ற பயம் அதன் பின்னாலேயே வருகிறது. அதையும் தள்ளிக்கொண்டு பொன்னாசை மறுபடி தலைதூக்குகிறது. எதிரில் ஆளே இல்லாத இடத்தில் ஓர் ஆளை நிற்கவைத்து, அந்த ஆளின் மௌனத்தைக் கேட்டுக் கேட்டு நடிக்கிறார். இது மேடையில் கற்ற வித்தை. வேறெங்கும் கிடைக்காது.

2 பிப்ரவரி

மயிலாப்பூரில் ஒத்திகை. எங்கள் குழுவின் புது நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நான் வீட்டுக்காரப் பெரியவர். வீட்டுத் தரகராக நடிக்க வந்திருக்கும் தம்பிக்கு முதல் காட்சியில் நாலைந்து வசனங்கள் மட்டுமே. குடும்பமே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "சார், எனக்கு இந்தக் காட்சியில் வேலையே இல்லையே" என்றார். முகம் வாடியிருந்தது.

அவரை அழைத்துப்போய் காபி வாங்கிக் கொடுத்து நாகேஷின் வயிற்றுவலியைச் சொன்னேன். சென்னையில் ரயில்வே எழுத்தராக இருந்தவர், அமெச்சூர் நாடகம் ஒன்றில் வயிற்றுவலி நோயாளியாக வந்தார். சில நிமிட வேடம். அன்று தலைமை வகிக்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். நாடகம் முடிந்து பேசும்போது, கதாநாயகனையெல்லாம் விட்டுவிட்டு, ஒல்லியாக ஓர் ஆள் வந்து வயிற்றுவலியில் துடித்தாரே என்று நாகேஷைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டிப் பரிசுக் கோப்பையையும் கொடுத்தார். அப்போது நாகேஷை ஊரில் யாருக்கும் தெரியாது. சினிமா ஆசையோடு சென்னையில் அலைந்த எத்தனையோ பேரில் அவரும் ஒருவர்.

தம்பி கேட்டுக்கொண்டார். ஆனால் சமாதானமானதாகத் தெரியவில்லை. இருக்கட்டும்.

5 பிப்ரவரி

அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு நெருக்கடி. படம் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு வேளையில் நண்பர் ஒருவரிடம் நாகேஷின் இளமைக் காலத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். 1933இல் தாராபுரத்தில் பிறந்தவர்; வீட்டில் பேசியது கன்னடம். இளம் வயதில் வந்த பெரியம்மை முகம் முழுவதும் தழும்புகளை விட்டுச் சென்றது. அந்த முகத்தோடு சினிமாவில் நிற்க வேண்டும் என்று நினைப்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். தியாகராய நகர் கிளப் ஹவுஸ் விடுதி நாட்களில் அவரும் கவிஞர் வாலியும் ஒன்றாகப் பசியைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். பின்னாளில் 'எதிர்நீச்சல்' படத்தில் நாகேஷ் கதாநாயகன், பாடல்கள் வாலி. இந்த இடத்துக்கு வந்ததும் நண்பர் டிபன் டப்பாவை மூடிவிட்டு, "அப்புறம்?" என்றார். மணி அடித்துவிட்டது.

8 பிப்ரவரி

'காதலிக்க நேரமில்லை'. எத்தனையாவது தடவை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி. கதவு கிறீச்சிடுவது, காலடி ஓசை என எல்லாச் சத்தமும் அவர் வாயிலிருந்தே வருகிறது. எதிரில் டி.எஸ். பாலையா. இந்தக் காட்சியில் நாகேஷ் அசத்தினார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இன்று நாகேஷை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு பார்த்தேன். முடியவில்லை. கண் தானாகப் பாலையாவிடம் போய்விடுகிறது. ஏன் என்று யோசித்து, இரண்டு மூன்று முறை திரும்ப ஓடவிட்ட பிறகுதான் பிடிபட்டது. நாகேஷே நம்மை அங்கே அனுப்புகிறார். ஒவ்வொரு சத்தத்தையும் எழுப்பிவிட்டு அவர் பாலையாவின் முகத்தைப் பார்க்கிறார். பயம் அந்த முகத்தில் ஏறும்வரை காத்திருக்கிறார். ஏறிய பிறகுதான் அடுத்த சத்தம். கதையின் வேகத்தைக் கேட்பவரின் முகம் தீர்மானிக்கிறது.

பாலையா 1936இல் 'சதி லீலாவதி'யிலேயே நடித்துவிட்டவர். அப்போது நாகேஷ் மூன்று வயதுக் குழந்தை. அந்த மூத்தவருக்குச் சிரிப்பைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறார் இளையவர். பெரியவரும் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார். இருவரும் மேடையிலிருந்து வந்தவர்கள். சக நடிகரின் கைத்தட்டலைப் பறிக்கிறவனால் நாடகக் குழுவில் நிலைக்க முடியாது.

இயக்குநர் ஸ்ரீதரும் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கேமராவை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

9 பிப்ரவரி

இன்று ஒத்திகைக்குப் பின் எங்கள் இயக்குநரோடு சபா மைக்குகளைப் பற்றிப் பேச்சு வளர்ந்துவிட்டது. மேடையின் முன்பக்கம் மேலிருந்து மூன்று நான்கு மைக்குகள் தொங்கும். அவற்றின் அடியில் வந்து நின்றால்தான் வசனம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். அதனால் பலரும் மைக்கைத் தேடி நடந்து, நின்று, பேசி, நகர்வார்கள். பாலசந்தரின் நாடகங்கள் வளர்ந்ததும் இப்படிப்பட்ட சபா மேடைகளில்தான். ஏ.ஜி. அலுவலகத்தில், அதாவது அரசின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே எழுதினார் அவர். அவருடைய குழுவில்தான் 'சர்வர் சுந்தரம்' மேடையேறியது. 1964இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். படமாக வந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டேன். ஓட்டல் காட்சிகளில் சர்வர் சுந்தரம் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதத்தைப் பாருங்கள். தட்டுகளும் தம்ளர்களும் கையில் ஏறிக்கொண்டே போகின்றன. உடம்பு வளைந்து, நெளிந்து, சட்டென்று நிற்கிறது. நின்ற இடத்தில் வசனம் வருகிறது. அது முடியும் முன்பே கால் அடுத்த மேசைக்குக் கிளம்பிவிடுகிறது. நகர்வதற்கும் பேசுவதற்கும் இப்படிக் கணக்குப் பிசகாமல் இருப்பதற்கு அந்தத் தொங்கும் மைக்குகளும் ஒரு காரணம் என்பது என் கட்சி. இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை, அது பிறவியிலேயே வந்த நடனக்காரனின் கால் என்கிறார்.

காதல் கைகூடாது என்று சுந்தரத்துக்குத் தெரியவரும் இடத்தை இனி தனியாகத்தான் பார்க்க வேண்டும். ராதா விரும்புவது தன் நண்பன் ராகவனை என்று தெரிகிறது. நாகேஷ் அழவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பை எடுக்க மறந்துவிட்டவர் போல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். அது அங்கேயே வெறும் தசையாக மாறுகிறது.

நாடகமாக நடந்த 'சர்வர் சுந்தரம்' நமக்கு இனிக் கிடைக்கவே கிடைக்காது. அந்தக் கால சபா நாடகங்கள் பார்த்தவர்களோடு போய்விடுகின்றன. இது என்னை உண்மையாகவே வதைக்கிறது.

14 பிப்ரவரி

'அபூர்வ ராகங்கள்' (1975), நள்ளிரவு. குடிகார டாக்டர் கையில் கோப்பையோடு நிற்கிறார். சுவரில் தன் நிழல் விழுவதைப் பார்க்கிறார். நிழலோடு கோப்பையை மோதிக்கொள்கிறார். இரண்டு நொடி இருக்கும். எதிரே மனிதன் இல்லாதபோதும் இவருக்கு ஒரு கூட்டாளி வேண்டும். தருமிக்குச் சொக்கநாதர், இந்த டாக்டருக்குத் தன் நிழல்.

16 பிப்ரவரி

ஒத்திகை முடிந்ததும் சண்டை. நல்ல சண்டைதான்.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "நாகேஷ் பெரிய காமெடியன், அதில் சந்தேகமில்லை. நடிகர் என்றால் அது வேறு வரிசை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கேட்டேன்: 'நீர்க்குமிழி'யின் சேது யார்? 1965இல் பாலசந்தர் முதன்முதலாகப் படம் இயக்கக் கிடைத்தபோது மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதையை எடுத்துக்கொண்டார். ஊரையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டுச் சாவை நோக்கிப் போகும் நோயாளியின் பாத்திரத்தை நாகேஷை நம்பித்தானே கொடுத்தார்? 'எதிர்நீச்சல்' மாது யார்? ஒண்டுக் குடித்தனத்தில் மாடிப்படிக்கு அடியில் படுத்து, வீட்டுக்கு வீடு எடுபிடி வேலை செய்து, முறைவைத்துப் போடும் சோற்றைத் தின்று படிக்கும் அநாதைப் பையன். அவன் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும் குரலில் இன்று சோறு கிடைக்குமா என்ற கணக்கு ஓடுகிறது. அது காமெடியா?

'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியையும் இழுத்தேன். தருமியும் வைத்தியும் ஒரே இயக்குநரின் படங்களில் வந்தவர்கள்; மூன்றே வருட இடைவெளி. இருவருமே குனிகிறார்கள். தருமி பசியால் குனிகிறார். வைத்தி குனியும்போது எதிரிலிருப்பவரின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று எடைபோடுகிறார். முதுகை வைத்தே இரண்டு மனிதர்களைக் காட்டத் தெரிந்தவரை எந்த வரிசையில் உட்காரவைக்கப் போகிறீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "சரி, நீங்கள் முதல் வரிசையிலேயே உட்காரவைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்படியே செய்கிறேன்.

தரகர் தம்பி அத்தனையையும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது 'எதிர்நீச்சல்' எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்.

20 பிப்ரவரி

கதாநாயக வாய்ப்புகள் குறைந்த பிறகு நாகேஷ் ஓய்ந்துவிட்டார் என்று எழுதுகிறவர்கள் 1989 முதல் வந்த படங்களைப் பார்த்ததில்லை போலும். 'அபூர்வ சகோதரர்கள்' தர்மராஜைக் கண்டு திரையரங்கில் நான் நிஜமாகப் பயந்தேன். அவ்வளவு காலம் சிரிக்கவைத்த அதே உதடுகள், அதே பற்கள். எதையும் மாற்றாமல், அவற்றின் பின்னாலிருந்த இரக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம். வசனம் கிடையாது, கண் சிமிட்டல் கிடையாது. ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் தங்கள் முதலாளி என்று நினைத்து அவரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பிடித்த பக்கம் சாய்கிறார், விட்ட பக்கம் சரிகிறார். செத்துப்போனவராக நடிக்கும்போதும் அந்த மூவரின் கைகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது அந்த உடம்பு. எந்தக் கை எப்போது இழுக்கும் என்று தெரிந்துகொண்டு, தெரியாததுபோல் விழ வேண்டும். செய்து பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும்.

அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு! பத்ம விருது எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. கடைசியாக நடித்த படங்களில் ஒன்று 2008இல் வந்த 'தசாவதாரம்'. மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பத்ம விருது தராத அந்தப் புறக்கணிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

23 பிப்ரவரி

இன்று மாலை எங்கள் நாடகத்தின் அரங்கேற்றம். அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

முதல் காட்சியில் நானும் என் மகனாக நடிப்பவரும் சொத்துத் தகராறில் கத்திக்கொண்டிருக்கிறோம். சிரிப்பே எழுதப்படாத இடத்தில் அரங்கு சிரித்தது. தம்பி ஒன்றும் செய்யவில்லை. மடியில் இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் பேசினால் என்னையும் அவர் பேசினால் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் விலையைச் சொன்ன இடத்தில் மட்டும் பையின் மேலிருந்த விரல்கள் மெல்ல ஒவ்வொன்றாக விரிந்து கமிஷனைக் கணக்குப் போட்டன. அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பில் என்னுடைய அடுத்த வசனம் பாதி அமுங்கிவிட்டது. நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும்போது, தம்பியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லலாமா என்று இயக்குநர் கேட்டார். வேண்டாம், என் வசனத்தை எடுத்துவிடுங்கள், சிரிப்பு அடங்கிய பிறகு மகனே தொடங்கட்டும் என்றேன். யோசித்துப் பார்த்துச் சரி என்றார். அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்க்க செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார்.