சளி பிடித்தவனுக்குக் காட்டில் இடமில்லை

மேற்கு உகாண்டாவின் கிபாலே காட்டு வாசலில் வழிகாட்டி கேட்ட முதல் கேள்வி, "யாருக்காவது சளி, இருமல்?" கூட வந்த நண்பன் பதிலுக்கு ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான், அவனை முகாமிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சிம்பன்சி பார்க்க இவ்வளவு தூரம் வந்தவனை இப்படியா செய்வது என்று எனக்குக் கோபம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு முகக்கவசம் தந்தார்கள்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். சேறு, எறும்பு, மறுபடியும் சேறு. திடீரென்று எங்கிருந்தோ 'ஹூ... ஹூ...' என்று தாழ்வாகத் தொடங்கிய குரல் ஏறி ஏறிப் பெரும் கூச்சலாக முடிந்தது. கூடவே தொம் தொம் என்ற சத்தம். மரத்தின் பலகை வேர்களைச் சிம்பன்சிகள் காலால் உதைக்கிற சத்தமாம்.

அத்தி மரத்தடியில் பார்த்தோம். பெரிய ஆண் ஒன்று மல்லாந்து, ஒரு காலை மறு காலின் மேல் போட்டுக்கொண்டு, கை நகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் கிடப்பதும் அப்படித்தான். எங்களை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் நகம்தான் முக்கியம் என்று திரும்பிக்கொண்டது.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பேசிப் பழகிவிட்டோம். அது பங்காளியைப் பிடித்துப் பாட்டன் என்று சொல்வதுபோல. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான பாட்டன் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர்களும் நம்மைப் போலவே மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட வியப்பு, மரபணுக் கணக்கில் சிம்பன்சிக்குக் கொரில்லாவை விட நாம்தான் நெருக்கம் என்பது. பார்த்தால் யாராவது நம்புவார்களா? அவற்றுக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. காணாமல் போன ஜோடி எங்கும் போகவில்லை. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி நம்முடைய 2-ஆம் குரோமோசோம் ஆகியிருக்கின்றன. ஒட்டிய தழும்பு இன்னும் நடுவில் கிடக்கிறது.

திரும்பும் வழியில் நண்பனுக்காக வழிகாட்டியிடம் கொஞ்சம் குறைபட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. 2013-இல் இதே காட்டின் கன்யவாரா பகுதியில், 56 சிம்பன்சிகள் இருந்த கூட்டத்தில் 5 மூச்சுக்கோளாறால் இறந்தனவாம். 2 வயதுக் குட்டி ஒன்றின் உடலைச் சோதித்தபோது தெரிந்த காரணம் 'ரைனோவைரஸ் சி'. நம் குழந்தைகளுக்குச் சளி கொடுக்கிற வைரஸ். மூச்சுக்குழாயில் அது பற்றிக்கொள்ளும் புரதம் இரு பக்கமும் உண்டு. அந்தப் புரதத்தில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம் நம்மில் பெரும்பாலோரை ஓரளவு காக்கிறது. சிம்பன்சிகளுக்கு அந்த மாற்றம் வாய்க்கவில்லை. உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் நம் தும்மல் அங்கே சாவாகிறது. அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

முகாமில் நண்பன் மூக்கைத் துடைத்தபடி குதூகலமாக ஓடிவந்தான். "நீங்க நடந்ததே வீண்டா, இங்கேயே சிம்பன்சி வந்துச்சு!" என்று கைப்பேசியை நீட்டினான். படத்தில் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் என்ற நீள வால் குரங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது.

"சரி, அந்த வாலை என்ன பண்றது?" என்றேன்.