விக்கிப்பீடியாவில் ஒரு வரி நிற்க வேண்டுமென்றால்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தமிழ் விக்கிப்பீடியாவில் யாரோ எழுதிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போனால் நிழல் தரையில் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம். புதிதாகத் தொகுக்க வருபவர் உடனே, "இது தவறு, நேரில் சென்றால் தெரியும்" என்று அடுத்த வரியில் எழுதுவார். அல்லது தான் எடுத்த படத்தைப் போட்டு அதையே சான்றாக்குவார். இரண்டும் அங்கே செல்லாது. கண்ணால் கண்டதைக் கட்டுரைக்குள் வாதமாக வைப்பது சொந்த ஆய்வு.

ஆனால் அந்த வரியை எடுத்துவிட அவருக்கு எந்த ஆதாரமும் வேண்டியதில்லை. சான்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது, மறுப்பவருடையது அல்ல. எழுதியவர் ஒரு பக்தி இதழைக் கொண்டுவந்து காட்டினால்? கட்டடக்கலை பற்றிய கூற்றுக்கு அந்த இதழ் சான்றாகாது. அப்படியொரு நம்பிக்கை உலவுகிறது என்பதற்கு வேண்டுமானால் ஆகும். ஆகவே "நிழல் விழாது என்றொரு நம்பிக்கை மக்களிடையே உண்டு" என்று வரி மாறும். அந்த நம்பிக்கையை ஆராய்ந்து மறுத்த நூல் கிடைத்தால் அதையும் பக்கத்திலேயே சேர்க்கலாம்.

நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை (சான்றைக் கொண்டு எவரும் சரிபார்க்க முடிவது), சொந்த ஆய்வு கூடாது. விக்கியின் மூன்று அடிப்படைக் கொள்கைகளும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டன. கொள்கைப் பக்கங்களை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

புதுக் கட்டுரையோடு தொடங்க வேண்டாம். கணக்கு உருவாக்கி, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் தொகுத்துப் பழகிவிட்டு, உங்கள் அலமாரியில் நல்ல நூல் ஒன்று இருக்கும் தலைப்புக்குப் போங்கள். அந்தக் கட்டுரையில் "சான்று தேவை" என்று குறித்த வரி ஒன்றாவது இருக்கக்கூடும். நூலில் அந்தச் செய்தி வரும் இடத்தைத் தேடி, முன்னும் பின்னும் ஒரு பத்தி சேர்த்துப் படியுங்கள். அடுத்த பத்தியில் ஆசிரியரே "ஆயினும் இது உறுதியில்லை" என்று சொல்லியிருப்பதுண்டு. பிறகு மேற்கோள் கருவியைத் திறந்து ஐ.எஸ்.பி.என். எண்ணை இட்டால் விவரங்கள் தானாக நிரம்பும். நிரம்பியதை நம்பிவிட வேண்டாம். தமிழ் நூல்களுக்கு எதுவும் வராமல் போவதுண்டு. வந்தாலும் தலைப்பெழுத்தும் பெயரும் இடம் மாறியோ, ஆசிரியர் இடத்தில் பதிப்பகம் உட்கார்ந்தோ இருக்கும். கையால் திருத்துங்கள். உங்கள் கையிலுள்ள பதிப்பின் ஆண்டையும் பக்க எண்ணையும் கட்டாயம் சேருங்கள். மறுபதிப்பில் பக்கங்கள் நகர்ந்துவிடும். பக்க எண் இல்லாமல் 400 பக்க நூலைக் காட்டுவது, சரிபார்க்க வருபவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

மேற்கோளைப் பத்தியின் கடைசியில் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள். நாளை வேறொருவர் பத்தியின் நடுவில் ஒரு வரியைச் செருகினால், அதுவும் உங்கள் நூலில் இருப்பதுபோலத் தோன்றும். எந்த வாக்கியத்துக்குச் சான்றோ, அதன் முடிவிலேயே வைக்க வேண்டும்.

சான்று சரியாக இருந்தும் வாக்கியம் தவறாக இருக்கலாம். இதுதான் கடினமான பகுதி. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரிம மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தெரியவந்தது. இதைப் படித்துவிட்டு, "கீழடி மக்கள் கி.மு. 580-இலேயே எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்பது நிரூபணமாகியுள்ளது" என்று எழுதுகிறார்கள். ஆய்வகம் சொன்னது ஒரு மாதிரியின் வயதை மட்டும். பானை ஓட்டு எழுத்துகளையும் அந்த வயதையும் இணைத்துத் தமிழ்ப் பிராமியைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது தொல்லியல் துறையின் முடிவு. எனவே இரண்டு வாக்கியங்கள் வேண்டும்: மாதிரி, ஆழம், காலம் ஆகியவற்றைச் சொல்ல ஒன்று, "தொல்லியல் துறை இவ்வாறு முடிவு செய்கிறது" என்று பெயர் சொல்லி மற்றொன்று. அந்த முடிவை ஏற்காத அறிஞர்களின் எழுத்து கிடைத்தால் மூன்றாவதும் வரும். பெருமிதம் குறைகிறதே என்று சிலருக்கு வருத்தம். குறையட்டும், அந்த வரியை யாரும் அசைக்க முடியாது.

"கருதப்படுகிறது", "கூறப்படுகிறது" என்று முடியும் வாக்கியங்களையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். யார் கருதுகிறார், எங்கே கூறினார் என்று கேட்டால், பாதிக்கு மேல் கலைந்துவிடும்.

சான்றுகளே முரண்படும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்கக் கூடாது. பாரதியார் மறைந்த நாள் சில நூல்களில் 1921 செப்டம்பர் 11 என்றும், சிலவற்றில் செப்டம்பர் 12 என்றும் இருக்கிறது. 11-ஆம் தேதி இரவு, நள்ளிரவு கடந்தபின் உயிர் பிரிந்ததே காரணம். இரண்டையும் காரணத்தோடு தந்துவிட்டால், ஒருவர் 11 ஆக்க இன்னொருவர் 12 ஆக்கும் இழுபறி நிற்கும்.

காலமும் ஒரு சான்றைப் பழசாக்கும். கள்ளக்குறிச்சிப் பகுதி ஊர் ஒன்றின் மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைக் காட்டினால், அதில் விழுப்புரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. கணக்கெடுப்பு தவறில்லை, அதை அப்படியே இன்றைய நிலையாக எழுதுவதுதான் தவறு. எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டை எழுதுங்கள். "தற்போது", "அண்மையில்", "கடந்த ஆண்டு" ஆகிய சொற்களைக் கண்ட இடத்திலெல்லாம் தேதியாக மாற்றுங்கள்.

நாளிதழில் வந்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி என்ற விலங்குக்கு "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்ற பெயரும் உண்டு என்று ஆங்கில விக்கியில் விளையாட்டாகச் சேர்த்தார். நாளிதழ்கள் அதை எடுத்தாண்டன. பிறகு அந்த நாளிதழ்களே விக்கி வரிக்குச் சான்றாயின. ஐயமிருந்தால் கட்டுரையின் வரலாற்றைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். சான்றின் தேதி அதற்குப் பிந்தியதாக இருந்தால் வேறு சான்று தேடுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு தனிச் சிக்கல்: ஆங்கிலக் கட்டுரையின் அடிக்குறிப்புகள் அப்படியே கூட வந்துவிடும், மொழிபெயர்ப்பவர் அவற்றில் ஒன்றையும் திறந்து பார்த்திருக்க மாட்டார். திறக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அதற்குரிய வரியோடு விட்டுவிடுவது நல்லது. கட்டுரை சிறுக்கும், பரவாயில்லை. எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன மாற்றினீர்கள் என்று எழுதும் குறிப்பில்) இணைப்போடு குறிக்க வேண்டும். விக்கியின் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம் கேட்பது அது. கூகிள் நிறுவனம் சம்பள மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழில் கட்டுரைகள் ஏற்றியபோது எழுந்த சிக்கல்களை, 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர்கள் முன்வைத்தார்கள். இயந்திரத்தனமான நடை, தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள் என்று நீண்ட அந்தப் பட்டியலை இன்றைய இயந்திர மொழிபெயர்ப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பதிப்புரிமைக்கு ஒரே கணக்கு: இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். அதுவரை, அல்லது நூல் நாட்டுடைமையாகும் வரை, வரியை எடுத்து ஒட்டக் கூடாது. நான்கு சொற்களை மாற்றி ஒட்டுவதும் அதேதான். நூலை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து எண்களைச் சரிபாருங்கள்.

உயிரோடிருப்பவரைப் பற்றிய கட்டுரைகளில் பொறுமை வேண்டியதில்லை. சான்றில்லாத இழிவான வரியை உடனே நீக்குங்கள். அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலருக்குக் கென்னடி கொலையில் தொடர்பு இருந்ததாக 2005 மே மாதம் எழுதப்பட்ட பொய், ஏறக்குறைய நான்கு மாதம் அப்படியே கிடந்தது. உறவினர், சொந்த நிறுவனம் பற்றி எழுதும் ஆசை இருந்தால், கட்டுரையைத் தொடாமல், அதைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் வேண்டுகோள் வையுங்கள். பணம் பெற்றுத் தொகுப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி.

இவ்வளவு செய்தும் உங்கள் வரியை ஒருவர் மீளமைக்கலாம், அதாவது நீக்கிப் பழைய நிலைக்கே கொண்டுபோகலாம். திரும்பப் போடாதீர்கள், ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்குக்குத் தடை விழலாம். பேச்சுப் பக்கத்தில் அந்த வரி, நூல், பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வாக்கியங்கள் ஆகியவற்றை வைத்துவிட்டு, மீளமைத்தவரின் பயனர் பெயரைச் சுட்டி அழையுங்கள். தமிழ் விக்கியில் தொடர்ந்து இயங்குபவர்கள் குறைவு, பதில் வர ஒரு வாரம்கூட ஆகும். அதற்குப் பிறகும் வராவிட்டால், தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேளுங்கள், பக்க எண்ணோடு.