அரசிக்கு எதிரே நின்ற தளபதி

எங்கள் பள்ளி ஆண்கள் பள்ளி. ஆகவே ஆண்டுவிழா நாடகங்களில் அரசி, தாய், தோழி ஆகிய வேடங்களையும் மாணவர்களே ஏற்றார்கள். பள்ளி மேடையைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்த அரசிகளோடு, அவர்களுக்கு எதிரே தளபதிகளாக நின்ற என் போன்றவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று தோன்றியது.

அரசியாக நடித்த என் வகுப்புத் தோழனை நாடகப் பொறுப்பாசிரியர் முதலில் வாய் திறக்கவே விடவில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றுகூட்டிக் கீழே இறக்கி, முழங்கால்கள் விலகாமல் சிற்றடி வைத்து மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சொன்னார். அப்படி இறக்கினால் அகன்ற தோளும் குறுகித் தெரியும். ஜப்பானியக் கபுகி மேடையில் பெண் வேடமேற்கும் ஒன்னகாத்தா நடிகர்களும் இதே உத்தியைக் கையாள்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். இத்தனைக்கும் கபுகியைத் தொடங்கிவைத்தவர் ஒகுனி என்ற பெண். 1629இல் அரசு பெண்களுக்கு மேடையைத் தடைசெய்த பிறகே அவ்வேடங்கள் ஆண்கள் வசமாயின. இங்கிலாந்திலோ சிறுவர்கள் நடித்துவந்த பெண் வேடங்களைப் பெண்கள் 1660இல் ஏற்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டில் எட்வர்ட் கைனஸ்டன் என்ற இளைஞர் பெண்ணாக நடித்ததைக் கண்ட சாமுவேல் பீப்ஸ் என்ற லண்டன்வாசி, இப்படியோர் அழகியைத் தாம் கண்டதில்லை என்றும், குரல்தான் அவ்வளவு நன்றாக இல்லை என்றும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

எங்கள் அரசிக்கும் குரல்தான் சிக்கல். கீச்சுக்குரலில் அவன் பேசத் தொடங்கியதும் ஆசிரியர் நிறுத்திவிட்டார். "உன் குரலிலேயே பேசு; வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மெல்ல விடு" என்றார். பார்வையாளர்கள் அரசியைக் கண்டு சிரித்துவிட்டால் நாடகம் கெட்டது என்பது அவர் கணக்கு. சிரிப்பதற்கென்றே போடப்படும் பெண் வேடங்களை அவர் விரும்பியதில்லை. அவற்றில் பெரும்பாலும் பெண்ணைக் கேலிசெய்வதே மிஞ்சுகிறது என்பது இன்று என் எண்ணமும்கூட.

இந்த உழைப்பையெல்லாம் பள்ளியே வியந்து பேசியது. தளபதி மட்டும் பிறவியிலேயே தளபதி என்பதுபோல் விட்டுவிட்டார்கள். உண்மையில் எனக்கும் அதே அளவு பயிற்சி நடந்தது. கால்களை அகட்டி நிற்க வேண்டும், கைகளை வீணே அசைக்கக் கூடாது, குரலை என் இயல்புக்குக் கீழே இறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் எதிரிலிருப்பவரைக் காக்கவைக்க வேண்டும். வீட்டிலோ வகுப்பிலோ நான் ஒருநாளும் அப்படி நின்றவனல்லன். வாயாடி என்றுதான் எனக்குப் பெயர்.

ஆண் வேடத்தின் உழைப்பு இப்படிக் கண்ணில் படாமல் போவதைத் தமிழ் மேடையிலும் காணலாம். ஔவையாராக நடித்த டி.கே. சண்முகம் 'அவ்வை' சண்முகம் ஆனார். மராட்டிய மன்னராக நடித்த கணேசன் 'சிவாஜி' ஆனார். இரண்டும் வேடம் தந்த பெயர்களே. ஆயினும் முன்னதைச் சொல்லும்போதுதான் 'ஆண் ஒருவர் பெண்ணாக நடித்தார்' என்று வியக்கிறோம். பின்னவரும் சிறுவயதில் நாடகக் குழுவில் சீதையாக நடித்துத் தேறியவர் என்பதையும், அந்த மன்னனின் நடையும் கற்றுப் பழகியதே என்பதையும் நினைப்பதில்லை. ஜப்பானின் தகரஸுகா குழுவில் 1914 முதல் எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்கிறார்கள். அங்கே ஆணாக நடிப்பதற்குத் தனிப் பயிற்சி உண்டு என்பதை யாரும் மறைப்பதில்லை.

எனக்கு இது உறைத்தது, அருகிலிருந்த பெண்கள் பள்ளியின் நாடகத்துக்கு எங்களை அழைத்துச் சென்றபோதுதான். அங்கே ஒரு மாணவி தளபதியாக வந்து, காலை அகட்டி நின்று, அமைச்சரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அரங்கம் முழுவதையும் காக்கவைத்தாள். திரை விழுந்ததும் எங்கள் ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "நீ எப்போதும் அவசரப்பட்டுவிடுவாய்; அவள் விட்ட இடைவெளிதான் சரியான அளவு" என்றார்.